முதல் முறை ஹம்முஸ் செய்கிறவர்களுக்கு: ஊறவைப்பது முதல் மேல்சுவை வரை

ரொட்டியில் தொட்டுச் சாப்பிடும் கடலை விழுதான ஹம்முஸுக்குத் தேவை ஐந்தே பொருட்கள்: கொண்டைக்கடலை, தஹினி என்கிற எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. அடுப்பு வேலை கடலை வேகும் வரைதான், மற்றதை மிக்ஸி பார்த்துக்கொள்ளும். அப்படியிருந்தும் வீட்டில் முதல் முறை செய்யும்போது பலருக்கும் கொரகொரவென்று ஒரு கடலைத் துவையல்தான் கிடைக்கிறது. காரணம் பெரும்பாலும் இரண்டே. கடலை போதுமான அளவு வேகவில்லை, எள் விழுது போதுமான அளவு சேரவில்லை. இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் காட்டாமல் இருந்தால் கடைகளில் கிடைப்பதைவிட நல்ல ஹம்முஸ் வீட்டிலேயே வரும்.

பீட்ரூட் போடலாமா, மிளகாய் போடலாமா, கொத்தமல்லி அரைக்கலாமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் வெறும் ஹம்முஸ் ஒருமுறை நன்றாக வந்துவிடட்டும். அதனால் இங்கே முக்கால் பங்கு வெறும் ஹம்முஸைப் பற்றித்தான். சுவை சேர்ப்பது அதற்கு அப்புறம்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குப்பூஸ் என்கிற அரபு ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் ஹம்முஸின் சொந்த ஊர் அதற்கும் வடக்கே, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையும் அதை ஒட்டிய பகுதியும்: லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான், இஸ்ரேல். அங்கே இது விருந்தில் ஓரமாக வைக்கிற தொடுகறி மட்டுமல்ல, காலைச் சாப்பாடும்கூட. ஜோர்தான் தலைநகர் அம்மானில் 1952 முதல் நடந்துவரும் ஹாஷிம் உணவகத்தில் ஹம்முஸும், ஃபூல் என்கிற அவரைவிதை மசியலும், ஃபலாஃபல் என்கிற கடலை வடையும்தான் பிரதானம். தட்டு நிறைய ஹம்முஸ், சூடான ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய்க் காய்கறி, ஒரு கிளாஸ் தேநீர். காலை உணவு முடிந்தது.

இது யாருடைய உணவு என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஹம்முஸை லெபனான் உணவாக ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிக்க வேண்டும் என்று லெபனான் தொழிலதிபர்கள் சங்கம் 2008-இல் முயன்றது. 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊரில் சுமார் 4 டன் ஹம்முஸைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனானில் 10,452 கிலோ செய்து அதை முறியடித்தார்கள். லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். எடையை அந்த எண்ணிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் இரண்டு தட்டிலும் இருந்தது அதே கடலை, அதே எள், அதே எலுமிச்சைதான்.

எவ்வளவு எடுக்க வேண்டும்

ஐந்தாறு பேருக்கு, ஏறக்குறைய முக்கால் கிலோ ஹம்முஸ் வர:

- உலர்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை – 200 கிராம்
- சமையல் சோடா – ஊறவைக்க 1 டீஸ்பூன், வேகவைக்க அரை டீஸ்பூன்
- தஹினி – 160 கிராம், அதாவது ஒரு கப்பில் மூன்றில் இரண்டு பங்கு
- எலுமிச்சைச் சாறு – 60 மில்லி (4 மேசைக்கரண்டி)
- பூண்டு – பெரிய பல் என்றால் 2, நாட்டுப் பூண்டு என்றால் 4
- உப்பு – ஒன்றேகால் டீஸ்பூன்
- சீரகத்தூள் – கால் டீஸ்பூன், விருப்பமிருந்தால்
- ஐஸ் தண்ணீர் – 80 முதல் 100 மில்லி
- மேலே ஊற்ற எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய்

கடலை வாங்கும்போது பெரிதாக, அழகாக இருப்பதைத் தேட வேண்டாம். ஹம்முஸுக்குச் சிறிய வெள்ளைக் கடலைதான் பொருத்தம், சீக்கிரம் குழையும். பெரியது கிடைத்தாலும் பரவாயில்லை. பழைய இருப்புதான் ஆகாது. கடையில் வெகுநாள் கிடந்த கடலையை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் நடுவில் ஒரு கெட்டித்தன்மை போகாது. நன்றாக விற்பனையாகும் கடையில் வாங்குங்கள். கறுப்புக் கொண்டைக்கடலையிலும் செய்யலாம், ஆனால் அதன் தோல் தடிமன், அரைத்தாலும் நாக்கில் தட்டும். முதல் முயற்சிக்கு வெள்ளையே சரி.

ஹம்முஸின் சொந்த ஊரில் பயன்படுத்துவது பெரிய மஞ்சள் எலுமிச்சை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையின் வாசனை இன்னும் கூர்மையானது. மூன்று நான்கு பழம் பிழிந்தால் 60 மில்லி வந்துவிடும். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல் ஒரு மேசைக்கரண்டி அளவை நிறுத்திவைத்து, கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது. பாட்டிலில் அடைத்த சாறு வேண்டவே வேண்டாம்.

ஊறவைப்பதும் வேகவைப்பதும்

முந்தின நாள் இரவு கடலையை இரண்டு மூன்று முறை கழுவி, நிறையத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோடா கலந்து ஊறப்போடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். கடலை இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்த வாடை வரலாம், அதனால் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள்.

காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். சோடா எதற்கு என்று கேட்டால், கடலைக்குள் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். காரத்தன்மையுள்ள நீரில் அது சீக்கிரம் கரையும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இதற்கு நேர்மாறாக அதை இறுக்கிவிடும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் ஊறவைக்கவும் வேகவைக்கவும் வடிகட்டிய குடிநீரை எடுங்கள். எலுமிச்சை, தக்காளி, புளி போன்ற எதையும் வேகும்போது சேர்க்கக் கூடாது. புளிப்பும் கடலையை இறுக்கும்.

குக்கரில் கடலை, அதற்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர், அரை டீஸ்பூன் சோடா. உப்பு இப்போது வேண்டாம். முதலில் மூடாமல் கொதிக்கவிடுங்கள். வெள்ளையாக நுரை திரண்டு வரும், அதைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டுப் பிறகு மூடுங்கள். கடலை நுரை குக்கரின் ஆவித் துளையை அடைத்துவிடக்கூடியது, ஆகவே குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். அலுமினியக் குக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சோடா அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். கடலையைத் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் குக்கருக்குள் வைத்துவிடுங்கள், கூடுதலாகப் பத்து நிமிடம் விடுங்கள்.

ஆவி அடங்கியதும் ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். சுண்டலுக்கு நாம் எதிர்பார்ப்பது முழுதாக நின்று, கடித்தால் மெத்தென்று இருக்கிற கடலை. இங்கே அந்தப் பதம் போதவே போதாது. அழுத்தம் தெரியாமலே விரலில் வெண்ணெயாகப் பரவ வேண்டும், நடுவில் மாவுத்துகள் போல எதுவும் நெருடக் கூடாது. பாத்திரத்தில் பாதிக் கடலை தானாகவே உடைந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டியது. விரலில் கொஞ்சமாவது கெட்டியாகப்பட்டால் மறுபடி மூடி இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்குத்தான் பிறகு கொரகொரப்பு வருகிறது. எந்த விலையுயர்ந்த மிக்ஸியாலும் அரைவேக்காட்டுக் கடலையைக் குழைக்க முடியாது.

வெந்த கடலையில் குளிர்ந்த நீர் ஊற்றி மெதுவாகக் கலக்கினால் தோல் மிதந்து வரும். வருவதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தோலுரித்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமில்லை, இந்த அளவு வெந்தால் மிச்சத் தோலும் அரைந்துவிடும். அலங்காரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி முழுக் கடலையை எடுத்துவைத்துவிட்டு மீதியை வடிகட்டியில் போட்டு நீர் சொட்டச் சொட்ட வடியவிடுங்கள். வேகவைத்த நீரில் சோடா இருக்கிறது, சவர்க்கார ருசி தட்டும், எனவே அதை அரைக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஜெருசலேமில் வளர்ந்த இரண்டு சமையல்காரர்கள், யோதம் ஒட்டோலெங்கியும் சாமி தமிமியும், இதில் ஒரு சின்ன மாற்றம் செய்வார்கள். ஊறிய கடலையைச் சோடாவோடு வாணலியில் மூன்று நிமிடம் பிரட்டிவிட்டு, பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். சோடா நேராகத் தோலில் படுவதால் திறந்த பாத்திரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் குழைந்துவிடும். குக்கர் இல்லாதவர்களுக்கு நல்ல வழி. டப்பாக் கடலை மட்டுமே கிடைக்கும் ஊரில் இருந்தால், அதையும் அலசி, புதுத் தண்ணீரில் கால் டீஸ்பூன் சோடாவோடு இருபது நிமிடம் கொதிக்கவையுங்கள். டப்பாவில் இருக்கிறபடியே அரைத்தால் நன்றாக வராது.

தஹினி

ஹம்முஸின் ருசியில் பாதிக்கு மேல் இதுதான். பல சமையல் குறிப்புகளில் ஒரு கப் கடலைக்கு இரண்டு மேசைக்கரண்டி தஹினி என்று போட்டிருப்பார்கள். அந்த அளவில் கிடைப்பது மசித்த கடலை. மேலே சொன்ன 160 கிராம் முதலில் அதிகமாகத் தோன்றும், ஆனால் குறைக்காதீர்கள்.

பெரிய கடைகளிலும் இணையத்திலும் பாட்டில் தஹினி கிடைக்கிறது. பொருட்பட்டியலில் எள்ளைத் தவிர வேறெதுவும் இல்லாததாகப் பாருங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது கெட்டுப்போன அடையாளம் அல்ல, அடிவரை கலக்கிவிட்டு எடுத்தால் போதும்.

வீட்டில் செய்வதும் சுலபம்தான். தோல் நீக்கிய வெள்ளை எள் 200 கிராம் வேண்டும். பேக்கரிகளில் பன் மீது தூவியிருப்பார்களே, அதுதான், முத்து போல வெளிர் நிறத்தில் இருக்கும். தோலோடு இருக்கும் எள்ளில் செய்தால் கசக்கும், நிறமும் மங்கும். அடிகனமான வாணலியில் மிகக் குறைந்த தீயில் நான்கைந்து நிமிடம் கைவிடாமல் வறுங்கள். வாசனை எழுந்து ஒன்றிரண்டு எள் துள்ள ஆரம்பித்ததும் இறக்கி, உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். எள்ளுருண்டைக்கு வறுக்கிற மாதிரி சிவக்க வறுத்தால் கசப்பு ஏறி ஹம்முஸ் முழுவதையும் ஆக்கிரமித்துவிடும். காஸாவில் எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்துச் செய்கிற செந்நிறத் தஹினி ஒன்று உண்டு, அதற்கென்றே உணவுகளும் உண்டு. ஆனால் நாம் செய்யப்போகும் ஹம்முஸுக்கு வெளிர்த் தஹினிதான்.

எள் ஆறியதும் சட்னி ஜாரில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஈரமாகி ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வழித்துவிட்டு, வாசனையில்லாத எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி மறுபடி அரையுங்கள். மோட்டார் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். கரண்டியிலிருந்து தேன் போலத் தொடர்ந்து வழிந்தால் பதம் சரி. நல்லெண்ணெயும் எள்தானே என்று தோன்றும், ஆனால் செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெயின் மணம் தனி, அது ஹம்முஸை வேறு பக்கம் இழுத்துவிடும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மிஞ்சும் தஹினியைப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் இருக்கும். எள் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக இருக்கும். விருந்தினருக்குப் பரிமாறுவதாக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டை எலுமிச்சையில் அடக்குவது

பச்சைப் பூண்டை நேரடியாகக் கடலையோடு அரைத்தால் அன்று காட்டம், மறுநாள் இன்னும் காட்டம். பூண்டை நசுக்கிய உடனே அதிலிருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கி அந்தக் காரமான மணத்தை உண்டாக்குகிறது. புளிப்பான சாற்றில் அந்த நொதி அடங்கிவிடும். பிலடெல்பியாவில் ஸஹாவ் உணவகம் நடத்தும் மைக்கேல் சாலமோனோவ் பிரபலமாக்கிய முறை இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பூண்டை எலுமிச்சைச் சாற்றோடும் உப்போடும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி, பத்து நிமிடம் அப்படியே வைத்து, பிறகு வடிகட்டிச் சாறை மட்டும் எடுப்பது. பூண்டின் மணம் சாற்றில் இறங்கியிருக்கும், எரிச்சல் இருக்காது. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். சட்னியில் பச்சைப் பூண்டு பிடிக்கும் என்பவர்கள் சக்கையையும் சேர்த்தே அரைக்கலாம், தவறில்லை.

அடுத்து ஒரு கிண்ணத்தில் தஹினியை ஊற்றி, இந்தச் சாற்றை விட்டுக் கரண்டியால் அடியுங்கள். இந்த இடத்தில்தான் புதியவர்கள் கலங்கிப்போவார்கள். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த தஹினி, சாறு பட்டதும் இறுகி, திப்பி திப்பியாகி, சிமென்ட் குழைத்த மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். நிறமும் பழுப்பாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். கெடவில்லை. எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த எள் துகள்கள் கிடைத்த கொஞ்ச ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, அவ்வளவுதான். தைரியமாக ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். மூன்றாவது நான்காவது கரண்டியில் திடீரென்று இளகும். பழுப்பு போய் வெளுக்கும், கரண்டியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாக விழும். எண்ணெயும் நீரும் சேர்ந்து இப்போது ஒன்றாகிவிட்டன. ஹம்முஸுக்குக் கிரீம் போன்ற மென்மை இந்தக் கிண்ணத்திலிருந்துதான் வருகிறது.

அரைப்பது

வடிய வைத்த கடலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைக்க வேண்டும். முழுதும் ஆறிவிட்டால் மாவுச்சத்து இறுகி மறுபடி நெருநெருக்கும். அதே சமயம் கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், சூடான விழுது மேலே தெறிக்கும். கைபொறுக்கும் சூடு சரியாக இருக்கும்.

பெரிய ஜாரில், இரண்டு தடவையாக, முதலில் கடலையை மட்டும் அரையுங்கள். கெட்டியாகச் சுற்றாமல் நின்றால் ஒரு கரண்டி ஐஸ் தண்ணீர், அதற்கு மேல் அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம். ஓரங்களை வழித்து வழித்து, மாவு போல் ஆகும் வரை. பிறகு தஹினிக் கலவையையும் சீரகத்தூளையும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம், நடுநடுவே நிறுத்தி மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து, ஓட்டுங்கள். இரண்டு நிமிடத்திலேயே முடிந்த மாதிரி தெரியும். நிறுத்தாதீர்கள். கடைசி நிமிடங்களில்தான் நிறம் வெளுத்து, காற்று ஏறி, லேசாகும்.

நீங்கள் விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அரைமணி நேரத்தில் தானாகக் கெட்டிப்படும். இப்போது ருசி பாருங்கள். முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு. பல நேரம் புளிப்பு போதவில்லை என்று தோன்றுவது உண்மையில் உப்புக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆலிவ் எண்ணெயை அரைக்கும்போது சேர்ப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தஹினியிலேயே வேண்டிய எண்ணெய் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றத்தான், எனவே மணமுள்ள எக்ஸ்ட்ரா விர்ஜினே வேண்டும். பொமேஸ் என்று போட்டு மலிவாக விற்பது பொரிக்கத் தாளிக்க ஆகும், இதற்கு ஆகாது.

தட்டில் பரப்புவது

கிண்ணத்தில் குவித்து வைப்பதைவிட அகலமான தட்டில் பரப்புவது நல்லது. நடுவில் மூன்று நான்கு கரண்டி வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திக்கொண்டே தட்டைச் சுற்றுங்கள். ஓரம் உயர்ந்து நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், எடுத்துவைத்த முழுக் கடலை, ஒரு சிட்டிகை சீரகத்தூள். சில்லென்று இருக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் எள்ளின் மணம் வரும். பீட்டா ரொட்டி, குப்பூஸ் இரண்டும் பொருத்தம். எண்ணெயில்லாமல் சுட்ட மெல்லிய ரொட்டி எதுவானாலும் சரி.

இனி சுவைகள்

சுவைகளை மேலே போடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே அரைத்தால் தட்டு முழுவதும் ஒரே ருசி, நாலு வாய்க்குப் பிறகு அலுத்துவிடும். மேலே போட்டால் ஒரு வாய் காரம், ஒரு வாய் புளிப்பு, ஒரு வாய் வெறும் எள் என்று மாறிக்கொண்டே இருக்கும். காய்கறியின் நீர் உள்ளே போய்ப் பதத்தைக் கெடுப்பதும் இல்லை. ஹம்முஸின் சொந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நம் நாக்குக்கு முதலில் பிடிப்பது தத்பீலே என்கிற பச்சைமிளகாய்ச் சாறாக இருக்கும். மூன்று பச்சைமிளகாய், இரண்டு பல் பூண்டு, அரை டீஸ்பூன் உப்பு மூன்றையும் உரலில் இடித்து, மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் கலந்தால் முடிந்தது. ஹம்முஸ் மேல் ஒரு கரண்டி, மீதியைப் பக்கத்தில் கிண்ணத்தில்.

மசாலாத் தூள்களில் சுமாக் முக்கியம். ஒரு காட்டுப் பழத்தைக் காயவைத்து இடித்த செந்நிறப் புளிப்புத் தூள், பளிச்சென்று இருக்கும். ஸாத்தர் என்பது காய்ந்த மூலிகையும் சுமாக்கும் எள்ளும் சேர்ந்த கலவை. ஒரு டீஸ்பூன் ஸாத்தரை ஆலிவ் எண்ணெயில் குழைத்து மேலே ஊற்றினால் வேறெதுவும் தேவையில்லை. நம் மிளகாய்த்தூளைப் பச்சையாகத் தூவ வேண்டாம், பச்சை வாடை அடிக்கும். ஆலிவ் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அடுப்பை அணைத்து, அரை டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளைப் போட்டு, நிறம் இறங்கியதும் அந்த எண்ணெயை ஊற்றுங்கள்.

வயிறு நிறைய வேண்டுமானால் லெபனானின் கறி ஹம்முஸ். மட்டன் கொத்துக்கறி 200 கிராமை நெய்யில், பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு நீர் வற்றி முறுகும் வரை வதக்கி, உப்பு, மிளகுத்தூள், கால் டீஸ்பூன் பட்டைத்தூள் சேர்த்து இறக்குங்கள். தனியாக ஒரு கைப்பிடி பைன் கொட்டையை நெய்யில் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். நெய் என்றதும் நாம் மாற்றிச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம், உருக்கிய நெய் அவர்கள் சமையலிலும் உண்டு, சம்னே என்பார்கள். ஹம்முஸின் பள்ளத்தில் சூடான கறியைக் கொட்டி, மேலே கொட்டையைத் தூவி உடனே சாப்பிட வேண்டும். ஆறிய ஹம்முஸும் சூடான நெய்க்கறியும் ஒரே வாயில் சேர்வதுதான் இதன் ருசி. இந்த வகைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சைவம் என்றால் அதே மசாலாவில் பொடியாக நறுக்கிய காளானை நீர் சுண்டி முறுகும்வரை வதக்கிப் போடலாம்.

முஸபஹா என்று ஒரு வகை உண்டு. அதில் கடலையை அரைப்பதே இல்லை. குழைய வெந்த கடலையைச் சூடாகத் தஹினிக் கலவையில் போட்டு, கரண்டியால் அங்கங்கே நசுக்கி, மேலே தத்பீலே ஊற்றிச் சாப்பிடுவது. மிக்ஸி இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

உள்ளேயே கலக்கிற சுவைகளில் பழையது பெய்ரூத்தி. பொடியாக அரிந்த பார்ஸ்லி ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய் ஒன்று, கூடுதலாக ஒரு பல் பூண்டு. அரைக்காமல், அரைத்து முடித்த ஹம்முஸில் கரண்டியால் கலக்க வேண்டும். பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லி, ஆனால் அளவில் பாதி. அதன் மணம் பலமானது.

பீட்ரூட், சிவப்புக் குடைமிளகாய் போன்றவை பிற்காலத்தில் வந்தவை. செய்ய விரும்பினால் காயைச் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ தோலை நீக்கி, துணியில் வைத்து நீரைப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும், ஐஸ் தண்ணீரையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த அளவுக்கு ஒரு சின்ன பீட்ரூட் அல்லது ஒரு குடைமிளகாய் போதும். தஹினியை மட்டும் குறைக்கக் கூடாது. அவகாடோ சேர்த்தால் அன்றே தீர்த்துவிடுங்கள், நிறம் மாறிவிடும். சாக்லேட் ஹம்முஸ் என்றும் அமெரிக்காவில் விற்கிறார்கள். பூண்டும் எலுமிச்சையும் போனபிறகு அதை ஹம்முஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரியாக வராவிட்டால்

கொரகொரப்பாக இருந்தால் கடலை வேகவில்லை. அரைத்த பிறகு முழுதும் சரிசெய்ய முடியாது, சின்னக் கண்ணுள்ள சல்லடையில் போட்டுத் தேய்த்து எடுத்தால் ஓரளவு தேறும். கசந்தால் எள் கருகியிருக்கும் அல்லது தோலோடு அரைத்திருப்பீர்கள். கொஞ்சம் வெந்த கடலையும் எலுமிச்சையும் கூட்டிப் பாருங்கள். சவர்க்கார வாடை அடித்தால் சோடா கூடிவிட்டது அல்லது வெந்த கடலையை அலசவில்லை. தண்ணீராகிவிட்டால் இன்னும் இரண்டு கரண்டி தஹினி சேர்த்து அடியுங்கள், இறுகும்.

காற்றுப் புகாத டப்பாவில், மேற்பரப்பில் மெல்லியதாக ஆலிவ் எண்ணெய் விட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் நன்றாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். மேல்சுவைகளைப் போட்ட ஹம்முஸை எடுத்துவைக்காதீர்கள், வெறும் ஹம்முஸாக வைத்துச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீசரிலும் வைக்கலாம், வெந்த கடலையை மட்டும் உறையவைத்தால் இன்னும் நல்லது. வேண்டும்போது வெந்நீரில் போட்டு இளக்கி அன்றைக்குப் புதிதாக அரைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஹம்முஸ் கெட்டியாக, மந்தமாக இருக்கும். அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்து, ஒரு கரண்டி தண்ணீரும் சில துளி எலுமிச்சையும் விட்டு நன்றாக அடித்துவிட்டுப் பரிமாறுங்கள்.